பழைய எண்ணை மூடியவர்

திருப்பதியில் எங்கள் மாடிப் போர்ஷனில் குடியிருந்தவரிடம் ஒற்றையாக எதுவும் கிடையாது. குடை இரண்டு, கைக்கடிகாரம் இரண்டு, கேஸ் அடுப்பு இரண்டு. மழை பெய்தால் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றை நனையாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திருச்சானூர்த் தெருவில் நடந்து போவார்.

"இன்னா தம்பி இது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இது படுத்துக்கிச்சுன்னா அக்கா?"

அவருடைய வேதமே அதுதான். அவர் உலகத்தில் குடை படுக்கும், அடுப்பு படுக்கும், கடிகாரம் படுக்கும். நாம் தயாராக இருக்க வேண்டும். என் நாத்தனார் மகளுக்கு வரன் முடிவானபோது இனிப்பு கொடுக்க மாடிக்குப் போனேன். இனிப்பை வாயில் போட்டுக்கொண்டு, உண்மையான கவலையோடு, "மாப்ள ஒருத்தர்தானா பாத்து வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

அவர் மனைவி உள்ளிருந்து குரல் கொடுத்தாள்: "நல்லகாலம்க்கா, பொண்டாட்டி மட்டும் ஒண்ணோட நிறுத்திக்கினாரு. அதுக்கும் ஸ்பேர் கேட்டிருந்தா எங்க நைனா இவர உட்டு வெச்சிருப்பாரா?"

சத்தியவேடு பக்கத்து விவசாயக் குடும்பம். பெங்களூரில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, ரேணிகுண்டா சாலையில் மருந்துக்கடை மாடியில் இருந்த ஒரு சின்னக் கம்பெனிக்கு வந்து சேர்ந்திருந்தார். அங்கே இருந்த ஒரே கம்ப்யூட்டர் இன்ஜினீயர் அவர்தான். அவர் மட்டும் ஏன் ஒற்றை என்று அந்தக் கம்பெனியில் யாரும் கேட்கவில்லை.

ஒருமுறை எங்களோடு திருமலைக்கு நடந்து வந்தார். செருப்பிலும் முன்ஜாக்கிரதை. ஒரு ஜோடியை மலையேறும் இடமான அலிபிரியில் விட்டார். இன்னொரு ஜோடியை முந்தின நாளே பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு நண்பர் கடையில் கொடுத்து வைத்திருந்தார். தரிசனம் முடிந்ததும் என் மகள் பவித்ரா, ஸ்ரீவாரி மெட்டு என்ற இன்னொரு படிப்பாதை வழியாக இறங்கலாம் என்று அடம்பிடித்தாள். இறங்கினோம். மலைக்கு அந்தப் பக்கம், மதிய வெயிலில் தார்ச் சாலை கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு ஜோடிச் செருப்பும் இரண்டு இடத்தில் பத்திரமாக இருந்தன. காலில்தான் ஒன்றும் இல்லை. ஆட்டோ கிடைக்கும்வரை அவர் குதித்துக் குதித்து நடந்ததைப் பார்த்து பவித்ரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சிரி, சிரி. செருப்பு தொலைஞ்சுதா? சொல்லு, தொலைஞ்சுதா?" என்றார் அவர்.

தொலையவில்லைதான். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

இதே மாதிரி இன்னொன்று. அவருடைய செல்போன் நம்பரை ஒருநாள் தூக்கிப் போட்டுவிட்டு, வேறு வேறு கம்பெனியில் இரண்டு புது நம்பர் வாங்கினார். ஒரு டவர் விழுந்தாலும் இன்னொன்று நிற்கும். யார் கூப்பிட்டாலும் எப்போதும் கிடைப்பார். கூப்பிட வேண்டியவர்களிடம் நம்பரைச் சொல்ல மட்டும் மறந்துவிட்டார். அவருடைய அம்மா சத்தியவேட்டிலிருந்து எங்கள் வீட்டுத் தரைவழி போனுக்குத்தான் கூப்பிட்டு, "எம் புள்ள உசுரோட கீறானாம்மா?" என்று கேட்பார். நான் படிக்கட்டில் ஏறிப் போய்ச் சொல்வேன்.

அவர் அந்தத் தரைவழி போனையே குற்றவாளியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். "அக்கா, இந்தப் பழைய போன சரண்டர் பண்ணிடுங்க. ஒத்த ஒயரு. மரக்கிளை ஒண்ணு உழுந்தா முடிஞ்சிது. ரெண்டு செல் வாங்கிக்குங்க."

"எல்லாருக்கும் இந்த நம்பர்தான் தெரியும் தம்பி."

"புது நம்பர் பழகிடும் அக்கா. ஏம் பர்வாலேது."

பர்வாலேது என்று தெலுங்கில் அவர் சொன்னால் பரவாயில்லை என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று வரப்போகிறது என்று அர்த்தம். அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அந்த ஆண்டுகளில் எங்கள் ஜில்லா மாந்தோப்புகளில் மாங்காய்க்குப் பதிலாக இன்ஜினீயரிங் காலேஜ் காய்த்துக்கொண்டிருந்தது. பிள்ளையை உள்ளே தள்ளிவிட்டால் அடுத்த ஸ்டாப் பெங்களூர், அதற்கடுத்தது விமானம் என்று நம்பி நகரியிலும் புத்தூரிலும் நிலம் விற்றார்கள். நாங்கள் விற்கவில்லை. விற்க நிலம் இருந்ததில்லை. நான் தபால் அலுவலகத்தில் கிளார்க். என் வீட்டுக்காரருக்குக் கோயில் பக்கத்தில் ஒரு வளையல் கடை. பவித்ராவை பலமநேர் தாண்டி, கர்நாடக எல்லையோரம் ஒரு காலேஜில் சேர்த்தோம்.

ஹாஸ்டலில் செல்போன் கூடாது. படிப்பு கெட்டுப்போகுமாம். ஹாஸ்டல் போன் எப்போது அடித்தாலும் எங்கேஜ். அதனால் பெற்றவர்களின் மனசாந்திக்கு என்று காலேஜ் ஒரு வெப்சைட் வைத்தது. பெண் வகுப்பில் இருக்கிறாளா, ஹாஸ்டலில் இருக்கிறாளா, ஊருக்கு வரும் காலேஜ் பஸ்ஸில் ஏறிவிட்டாளா என்று வார்டன் கம்ப்யூட்டரில் பதிவார். நாம் பார்த்துக்கொள்ளலாம். அந்த வெப்சைட்டை நடத்தியது எங்கள் மாடிவீட்டுக்காரரின் கம்பெனி.

வெப்சைட்டுக்குப் பேர் கிடையாது, எண்தான். நான்கு எண்கள், நடுவில் மூன்று புள்ளிகள். மருந்துக்கடை மாடியில் உட்கார்ந்திருந்த ஒரே ஒரு இயந்திரத்தின் எண் அது. காலேஜ் அதை காலண்டரில் பெருமாள் பாதத்துக்குக் கீழே அச்சடித்தது, காம்பவுண்டு சுவரில் எழுதியது, பஸ்ஸுக்குப் பின்னால் ஆளுயரத்துக்குப் பெயிண்ட் அடித்தது. பெற்றவர்கள் அதை மனப்பாடம் செய்தார்கள். புத்தூரில் ஒரு அம்மா, நெட் சென்டரில் போய் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கோவிந்த நாமம் மாதிரி அந்த நான்கு எண்களையும் சொல்வாராம். பையன் அடித்துக் கொடுப்பானாம். குவைத்தில் டிரைவர் வேலை பார்க்கும் ஒருவர் அங்கிருந்து தினமும் மகளை 'வகுப்பில் உள்ளார்' என்று பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவாராம். என்னைப் பற்றிக் கேட்க வேண்டாம். அலுவலகத்தில் தபால் முத்திரை குத்துகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் கரண்ட் போய், பேட்டரியும் போய், அந்த இயந்திரம் படுத்தது. சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை. பெற்றவர்கள் மருந்துக்கடை வாசலில் போய்க் கத்தினார்கள். முதலாளி அவரைக் கூப்பிட்டு, இனிமேல் இது விழவே கூடாது என்று சொல்லிவிட்டார்.

வேறு ஒருவராக இருந்தால் பயந்திருப்பார். இவர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி வீட்டுக்கு வந்தார். வாழ்நாளில் முதல்முறையாக, இரண்டு வாங்கச் சொல்லி ஒரு முதலாளியே உத்தரவு போட்டிருக்கிறார்!

"பெங்களூர்ல ரெண்டாவது மிஷின் வெக்கிறேன் அக்கா. இதுல என்ன எழுதினாலும் அது காப்பி எடுத்துக்கும். இது உழுந்தா அது பேசும், அது உழுந்தா இது பேசும். ஆனா ஒண்ணு. ஜனத்துக்கு மிஷினோட நம்பரையே கொடுத்து வெச்சிருக்காங்களே, அதுதான் தப்பு. டாக்டரோட வீட்டு அட்ரஸ ஊருக்கெல்லாம் கொடுத்தா, டாக்டர் இல்லாத அன்னிக்கு இன்னா ஆகும்? ஆஸ்பத்திரி அட்ரஸக் கொடுக்கணும். உள்ள எந்த டாக்டர் இருந்தா நமக்கு இன்னா? அதனால நம்பர் கிடையாது, இனிமே பொதுவா ஒரு பேரு. பின்னால எந்த மிஷின் நின்னுக்கினு இருந்தாலும் சரி."

இதுவரை அவர் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. எனக்கே புரிந்தது என்றால் பாருங்கள்.

"அப்ப பழைய நம்பர்?"

"மூடிடுவேன்."

நான் தபால்காரி. வீடு மாறிப் போகிறவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால், பழைய விலாசத்துக்கு வரும் கடிதத்தைக் கொஞ்ச மாதத்துக்கு நாங்கள் புது விலாசத்துக்குத் திருப்பி அனுப்புவோம். அதைச் சொன்னேன். அப்படி ஏதாவது செய்யலாமே என்று, பேச்சுக்குத்தான்.

அவர் என்னைக் கருணையோடு பார்த்தார். "அக்கா, இது போஸ்டாபீஸ் இல்ல. பழைய வாசல தொறந்து வெச்சா ஜனம் அதுலயேதான் வரும். என்னிக்காவது அந்த மிஷின் உழுந்துச்சுன்னா மறுபடியும் எங் கழுத்துக்குத்தான் கத்தி. மூடிட்டா ஒரு வாரம் கத்துவாங்க. அப்புறம் பழகிடும். ஏம் பர்வாலேது."

நல்ல நாள் பார்த்து வெள்ளிக்கிழமை ராத்திரி மாற்றினார்கள். முதலாளி தேங்காய் உடைத்து, இரண்டு இயந்திரங்களில் கைக்கு எட்டிய ஒன்றுக்குக் குங்குமம் வைத்தாராம். பெங்களூரில் இருந்ததற்கு போனிலேயே கற்பூரம் காட்டினார்களோ என்னவோ. மறுநாள் இரண்டாவது சனிக்கிழமை விடுமுறை, ஹாஸ்டல் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு காலேஜ் பஸ் ஊருக்குக் கிளம்பும் நாள் என்பதைப் பஞ்சாங்கத்தில் போடவில்லை.

முகவரி மாறிய செய்தியைக் காலேஜ் நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். அதைப் பெற்றவர்கள் பார்ப்பதில்லை. வெப்சைட்டிலும் போட்டார்கள், ஓடுகிற எழுத்தில், மூன்று நிறத்தில்: நமது முகவரி மாறிவிட்டது. எந்த வெப்சைட்டில்? புது முகவரியில்.

மாடியில் அவர் கம்ப்யூட்டரில் அதைக் காட்டினார். "ரொம்ப நல்லா ஓடுது. ஆனா பழைய நம்பருக்குப் போறவங்க இத எப்படிப் பாப்பாங்க தம்பி?"

கொஞ்சம் யோசித்தார். "இங்க வந்தா பாத்துடுவாங்க அக்கா."

அப்புறம் வித்தை காட்டினார். வீட்டிலிருந்தே ஒரு இயந்திரத்தை நிறுத்தினார். வெப்சைட் விழவில்லை. அதை எழுப்பிவிட்டு மற்றதை நிறுத்தினார். அப்போதும் விழவில்லை. "பாருங்க! உழவே மாட்டேங்குது!" என்று கைதட்டினார். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று காட்டும் கோடு ஒன்று திரையின் ஓரத்தில் இருந்தது. அது தரையோடு தரையாகப் படுத்திருந்தது. அதையும் பெருமையாகக் காட்டினார்: "முன்ன எவ்ளோ லோடு ஏறும் தெரியுமா? இப்ப ரெண்டு மிஷினும் ஜில்லுனு கீது."

ஜில்லென்றுதான் இருக்கும். ஊரே இல்லாத இடத்தில் இரண்டு வாசல் வைத்த வீடு.

சனிக்கிழமை மதியத்திலிருந்து மழை பிடித்துக்கொண்டது. பவித்ரா வருவாள் என்று வடைக்கு உளுந்து ஊறப்போட்டிருந்தேன். பஸ் கிளம்பிவிட்டதா என்று பார்க்க மாடிக்குப் போனேன். புது முகவரி ஒரு நொடியில் திறந்தது. பவித்ராவின் பெயருக்கு நேரே 'ஹாஸ்டலில் உள்ளார்' என்று இருந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே.

"மழைல பஸ்ஸ நிறுத்திட்டாங்க போல. நல்லதுதான் அக்கா," என்றார்.

நானும் நல்லது என்றுதான் நினைத்தேன். மொகிலி மலைப்பாதை வளைவுகளை மழையில் இறங்குவதைவிட, என் பெண் ஹாஸ்டல் கட்டிலில் போர்த்திக்கொண்டு படுத்திருப்பது மேல். கீழே வந்து, இனி யார் தின்னப்போகிறார்கள் என்று உளுந்தை அரைக்காமல் விட்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தரைவழி போன் அடித்தது. புத்தூர் அம்மா, அந்தக் கோவிந்த நாமக்காரர். அவர் பெண்ணும் பவித்ராவும் ஒரே அறை. அழுதுகொண்டே பேசினார்.

"மலைல ஒரு காலேஜு பஸ்ஸு கவுந்துட்சாம்மா. லாரிக்காரரு ஒருத்தரு சொல்றாரு. நெட்டு சென்டர்ல ஒக்காந்துகினு நம்பரு அடிக்கிறோம், அடிக்கிறோம், தொறக்கவே மாட்டேங்குது. எம் பொண்ணு எங்கம்மா?"

நான் போட்ட சத்தத்தில் மாடிவீட்டுக்காரர் ஓடி இறங்கி வந்தார். விஷயம் கேட்டார். போனை என் கையிலிருந்து வாங்கி, நிதானமாக, டாக்டர் குரலில் சொன்னார்: "அழாதீங்கம்மா. அது வேற காலேஜு பஸ்ஸா இருக்கும். நம்ம பஸ்ஸு கெளம்பவே இல்ல. நான் ஒண்ணுக்கு ரெண்டு மிஷின்ல பாத்துட்டேன். ரெண்டும் ஹாஸ்டல்லதான் கீறாங்கன்னு சொல்லுது."

அதற்குள் என் வீட்டுக்காரர் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து டிவியைப் போட்டிருந்தார். கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. லோக்கல் சேனலில் மழையில் ஒரு பஸ் பள்ளத்தில் ஒருக்களித்துக் கிடந்தது. எந்த பஸ் என்று தெரியவில்லை. எல்லா பஸ்ஸும் மஞ்சள்தான். கேமரா மெல்லப் பின்பக்கம் போனது. பெரிய எழுத்தில், பக்கவாட்டில் சாய்ந்து, நான்கு எண்கள். நடுவில் மூன்று புள்ளிகள்.

அவர் கழுத்தைச் சாய்த்து அதைப் படித்தார். கையில் இன்னும் எங்கள் போன் இருந்தது. அதில் புத்தூர் அம்மா, "சார்? சார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"பழைய நம்பரு," என்றார்.

என் வீட்டுக்காரர் அந்த போனை அவர் கையிலிருந்து பிடுங்கி வைத்தார்.

நடந்தது பிற்பாடு தெரிந்தது. பிள்ளைகள் பஸ்ஸில் ஏறியதும் வார்டனம்மா வழக்கம்போல் பழைய எண்ணை அடித்திருக்கிறார். திறக்கவில்லை. நெட் இல்லை போலிருக்கிறது என்று எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை ராத்திரி, எண்ணை மாற்றுவதற்கு முன்னால், ஆள் எண்ணிப் பதிந்ததுதான் வெப்சைட்டில் கடைசி. திருப்பதி இயந்திரம் அதைச் சொன்னது. பெங்களூர் இயந்திரம் அதைக் காப்பி எடுத்துக்கொண்டு, ஒரு எழுத்து பிசகாமல் அதையே சொன்னது. ஒரு பொய்க்கு இரண்டு சாட்சி.

டிவி முன்னால் நின்ற அந்த நேரத்தைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வரவில்லை. என் வீட்டுக்காரர் வேன் பார்க்க வெளியே ஓடினார். நான் ஊறின உளுந்துப் பாத்திரத்தை எதற்கோ தூக்கி, எதற்கோ கீழே வைத்தேன். மாடிவீட்டுக்காரர் தன் இரண்டு செல்போனையும் எடுத்து இரண்டிலும் மாறி மாறி ஹாஸ்டலுக்கு அடித்தார். இரண்டிலும் எங்கேஜ்.

தரைவழி போன் அடித்தது. நான் எடுக்கவில்லை. எடுக்கக் கை வரவில்லை. அவர்தான் எடுத்து என் காதில் வைத்தார்.

"அம்மா, நாந்தான். சித்தூர் பெரியாஸ்பத்திரி பக்கத்துல பூத்துலேர்ந்து பேசறேன். பஸ்ஸு கவுந்துக்கிச்சும்மா. எனக்குக் கை மட்டுந்தான். ஒடஞ்சிட்சின்னு கட்டு போட்டாங்க. தக்காளி லாரில தூக்கினு வந்தாங்க எங்கள. அழாதம்மா. எந் தலையெல்லாம் தக்காளி. நைனாவ வரச் சொல்லு."

"அந்தப் புத்தூர் பொண்ணு?"

"பக்கத்துலதான் நின்னுக்கினு கீறா. அவளுக்குப் பல்லுதான் போச்சு. அவங்க அம்மாவுக்கு போன் பண்ணணும், நம்பரு ஞாபகம் வரலன்னு அழுறா. எனக்கு நம்ம நம்பரு மட்டுந்தாம்மா தெரியும்."

போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். அவர் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார்.

"எந்த நம்பருக்கு அக்கா அடிச்சா?" என்று கேட்டார். தன் கையாலேயே எடுத்துக் கொடுத்த போன்தான். ஆனாலும் கேட்டார்.

"பழைய நம்பருக்கு."

தலையை ஆட்டினார். மழையில் இறங்கிப் போனார். இரண்டு குடையும் எங்கள் படிக்கட்டில் சாத்தியபடி இருந்தன.

நாங்கள் வேன் பிடித்து சித்தூர் போனோம். உயிர் யாருக்கும் போகவில்லை. பெருமாள் புண்ணியம், தக்காளி லாரி புண்ணியம். அவர் போனது கம்பெனிக்கு என்று அவர் மனைவி பிறகு சொன்னாள். போய், வார்டனம்மாவுக்கு வழி கிடைக்கும்படியும், பழைய எண்ணை அடிப்பவர்கள் தாமாகவே புது முகவரிக்கு வந்து சேரும்படியும் செய்துவிட்டாராம். அன்று புத்தூரிலும் நகரியிலும் நெட் சென்டர்களில் அடித்துக்கொண்டே இருந்தவர்களுக்குத் திடீரென்று திறந்ததாம். பெயருக்கு நேரே 'சித்தூர் ஆஸ்பத்திரியில் உள்ளார்' என்று இருந்ததாம். குவைத்திலும் அப்படித்தான் தெரிந்திருக்கும். எங்கள் போஸ்டாபீஸ் வேலையைச் செய்ய அவருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை சகிக்க முடியவில்லை.

நான் அவரோடு கொஞ்சகாலம் பேசவில்லை. பேசாமல் இருந்தது அவருக்குத் தெரிந்ததா என்றும் தெரியவில்லை. பவித்ராவின் கையில் போட்டிருந்த மாவுக்கட்டின் மேல் தன் பெயரை அவர் இரண்டு இடத்தில் எழுதிவிட்டுப் போனார். ஒன்று அழிந்துவிட்டால்?

அப்புறம் அமெரிக்காவில் வேலை கிடைத்துக் காலி செய்தார். இந்த முறை சொல்லாமல் போகவில்லை. பால்காரர், பேப்பர்காரர், கோயில் வாசல் பூக்காரம்மா, ஷேர் ஆட்டோ டிரைவர்கள் எல்லாரிடமும் புது விலாசம் கொடுத்தார். அமெரிக்க விலாசத்தை வைத்துக்கொண்டு பூக்காரம்மா என்ன செய்வார்? என் கவுண்டருக்கும் வரிசையில் நின்று வந்தார். தனக்கு வரும் கடிதங்களைத் திருப்பி அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.

"கொஞ்ச மாசத்துக்குத்தான் தம்பி. அதுக்கு மேல ரூல்ஸ் இல்ல."

"பழைய வாசல அதுக்கப்புறம் மூடிடுவீங்களா?" என்றார். முகத்தில் அப்படி ஒரு கலவரம்.

அவருக்கு வருவது பெரும்பாலும் அம்மா எழுதவைத்து அனுப்பும் கடிதம்தான். ரூல்ஸ் முடிந்த பிறகும் எங்கள் வீட்டுக்கே வரும். நான் விலாசம் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன், அந்த அம்மா இருந்தவரை.

பவித்ராவும் கடல் தாண்டிப் போய்விட்டாள். வேறு தேசம், வேறு நேரம். தரைவழி போனைச் சரண்டர் செய்யச் சொல்லி இப்போது என் வீட்டுக்காரரே கேட்கிறார். நான் விடவில்லை. காலையில் எழுந்ததும் எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பேன், உயிர் இருக்கிறதா என்று. அதில் கூப்பிடுகிறவர்கள் இரண்டே பேர். ஒருத்தி பவித்ரா.

இன்னொருவர் எப்போதாவது கூப்பிடுவார். சௌக்கியமா என்று கேட்க மாட்டார்.

"அக்கா, இந்த நம்பரு இன்னும் வேல செய்யுதா?"

"செய்யப்போயிதானே பேசிக்கினு இருக்கீங்க."

"பவித்ரா எங்க?"

"வீட்டுக்கு வந்து சேர்ந்துட்டா."

"யாரு சொன்னது?"

"அவளேதான். இப்பதான் பேசினா."

வேறு எங்கும் விசாரித்துச் சரிபார்க்கச் சொல்ல மாட்டார்.

"அப்ப சரி அக்கா," என்று வைத்துவிடுவார்.